எம்.டி.க்கும் ஒரு டோக்கன் கொடுங்கள்

பெரிய நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை தலைமை அதிகாரிகளை எல்லாம் ஒரு நட்சத்திர ஹோட்டலில் கூட்டி மாநாடு நடத்தும். அரங்குக்கு வெளியே வரிசையாக ஸ்டால்கள். ஒவ்வொரு துறையும் மண்டலமும் தன் பெருமையைக் காட்டிக்கொள்ள ஒன்று. 'ஸ்டால் இன்டராக்டிவாக இருக்க வேண்டும்' என்று சுற்றறிக்கை வரும். உடனே ஏஜென்சிக்காரர் வருவார். ஒரு டச் ஸ்க்ரீன், கண்ணில் மாட்டிக்கொள்ள ஒரு வி.ஆர். பெட்டி, நாலு கேள்வியில் ஒரு குவிஸ், செல்ஃபி எடுக்க ஒரு சட்டம், போகும்போது கையில் ஒரு பை. முடிந்தது.

பி.காம். படித்துவிட்டு இருபது வருடமாக வங்கியில் குப்பை கொட்டுபவனுக்கு டிசைன் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். டிசைன் தெரியாது, செலவுக் கணக்கு தெரியும். ஒரு ஸ்டாலுக்குச் செலவழித்த பணத்தில் ஒரு முடிவாவது மாறியதா என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் மாறுவதில்லை. காரணம், பார்க்க வருபவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரையில் காட்டுகிறோம்.

நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பர் 9, 10 தேதிகளில் டெல்லி பாரத் மண்டபத்தில் ஜி-20 உச்சி மாநாடு நடந்தபோது 'டிஜிட்டல் இந்தியா' அனுபவ அரங்கு வைத்தார்கள். சைக்கிளை மிதித்தால் திரையில் டிஜிட்டல் இந்தியாவின் பயணம் ஓடும். 'ஆஸ்க் கீதா' என்ற இயந்திரத்திடம் வாழ்க்கைக் கேள்வி கேட்கலாம். ரிசர்வ் வங்கியின் அரங்கில் வெளிநாட்டுக்காரர்கள் இந்திய வங்கிக் கணக்கு இல்லாமலே யு.பி.ஐ.யில் பணம் கொடுத்துப் பார்க்க 'யு.பி.ஐ. ஒன் வேர்ல்டு' இருந்தது. அங்கே அது சரி. வந்தவர்கள் விருந்தாளிகள். விருந்தாளிக்கு வீட்டின் நல்ல அறையைத்தான் காட்டுவோம்.

ஆனால் ஒரு நிறுவனத்தின் சொந்தத் தலைமை மாநாட்டுக்கு வருபவர்கள் விருந்தாளிகள் இல்லை, வீட்டுக்காரர்கள். அவர்களுக்குக் காட்ட வேண்டியது ஒழுகுகிற கூரையை.

இதை உலக அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் உலகப் பொருளாதார மன்றம் கூடும்போது, 2009-ல் ஹாங்காங்கைச் சேர்ந்த கிராஸ்ரோட்ஸ் என்ற அறக்கட்டளை ஐ.நா. அகதிகள் அமைப்போடு சேர்ந்து 'ரெஃப்யூஜி ரன்' நடத்தியது. கம்பெனித் தலைவர்கள் கொஞ்ச நேரம் அகதிகளாக இருக்க வேண்டும். இருட்டு, முள்வேலி, அதட்டுகிற சிப்பாய்கள். பேச்சுக் கேட்டு அலுத்தவர்களை உடம்பால் உணரவைக்கும் முயற்சி.

அதே வருடம் பொருளாதார நிபுணர் வில்லியம் ஈஸ்டர்லி இதைக் கிண்டலும் கோபமுமாக விமர்சித்தார். ஆடம்பர ஊரில் கூடிய பணக்காரர்கள் அகதி வேஷம் போடுவதா என்பது அவர் வாதம். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆளை நிற்கவைத்து அனுபவிக்கச் செய்யும் யோசனை நல்லது. அடுத்தவர் துன்பத்தை நாடகமாக்குவது நெருடுகிறது. ஆகவே என் கட்சி இதுதான்: ஸ்டாலில் வாடிக்கையாளரை வைக்காதீர்கள், நம் கவுண்டரை வையுங்கள். யாரும் ஏழை வேஷம் போட வேண்டாம். ஏழை நிரப்புகிற அதே ஃபாரத்தை நிரப்பினால் போதும்.

இது ஏன் எனக்கு முக்கியம் என்பதற்கு நான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். போர்ட் பிளேயர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊர். அதில் ஜங்லிகாட்டில் குடியிருக்கிறேன். பக்கத்திலேயே மீன் இறங்குதுறை. வங்காளி, தமிழ், தெலுங்கு, இந்தி என்று ஒரே கியூவில் நாலு பாஷை நிற்கும். மீன் விற்று முடித்துவிட்டு ஒரு அக்கா வருவார். ராமநாதபுரத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் போட வேண்டும். ஃபாரம் இந்தியிலும் இங்கிலீஷிலும் இருக்கும். "தம்பி, நீயே எழுதிக் குடுத்துருப்பா" என்பார். எழுதிக் கொடுப்போம். கூட்டம் அதிகமான நாளில் எழுதிக் கொடுக்க ஆள் இருக்காது.

2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி கேபிள் திறக்கப்பட்டது. அதுவரை எல்லாம் சாட்டிலைட் தயவுதான். பொத்தானை அழுத்திவிட்டுச் சுற்றுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்த காலம். இப்போது எவ்வளவோ தேவலை. ஆனால் ஃபாரத்தில் உள்ள சிக்கலைக் கேபிள் தீர்க்காது.

தலைமை மாநாட்டில் எங்கள் தீவுக்கு மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடம் கொடுத்தால், பவளப்பாறை படமும் செல்லுலார் ஜெயில் மாடலும் வைக்க மாட்டேன். நாலு கவுண்டர் வைப்பேன்.

1. ஃபாரம். உள்ளே வருபவருக்குத் தெரியாத லிபியில் கணக்குத் தொடங்கும் விண்ணப்பம். வடக்கத்தி அதிகாரிக்குத் தமிழ், தமிழ் அதிகாரிக்கு வங்காளம். மூன்று நிமிடம். பேனா நூலில் கட்டியிருக்கும் :-)

2. முகவரி. வாடகை வீடு, ஹவுஸ் ஓனர் கடிதம் தர மாட்டார். ஆதாரில் இருப்பது ஊர் முகவரி. கணக்கு தொடங்க முடியுமா? ஆதார் இ-கே.ஒய்.சி. மூலம் தொடங்கும்போது தற்போதைய முகவரி வேறாக இருந்தால், வாடிக்கையாளரே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எத்தனை தலைவர்கள் சரியாகப் பதில் சொல்கிறார்கள் என்று பலகையில் எண்ணிக்கை போடலாம். ஊர் விட்டு ஊர் வந்த நம்மில் பலருக்கு இந்த ஒரு விதி தெரியாததால் எத்தனை நடை!

3. பட்டன் போன். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக 2022 மார்ச்சில் 'யு.பி.ஐ. 123 பே' வந்தது. அதில் ஒரு ரூபாய் அனுப்பிக் காட்ட வேண்டும். சுவரில் கடிகாரம் ஓடும்.

4. புகார். ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. நம் ஆப்பில் எங்கே புகார் செய்வது என்று கண்டுபிடிக்க வேண்டும். 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. புகார் செய்யும் இடத்தைத் தேடித் தலைவர் திணறினால், அதைவிட நல்ல பவர்பாயின்ட் கிடையாது.

வெளியே போகும் வழியில் ஒரு பலகை. 'எதை மாற்றுவேன், எந்தத் தேதிக்குள்' என்று ஒரு அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டு மாட்ட வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே அட்டை அவர் மேஜைக்குத் தபாலில் போகும். இந்தக் கடைசி வேலை இல்லையென்றால் மற்ற நாலும் பொழுதுபோக்குதான்.

நடைமுறை விஷயங்களும் உண்டு. ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. மூன்றாவது கவுண்டரைத் தவிர எதுவும் நெட்வொர்க்கை நம்பி இருக்கக்கூடாது. ஆப்பையும் ஆஃப்லைனில் ஓடும் மாதிரியாக வைத்துவிடலாம். ஸ்டாலில் நிற்க ஏஜென்சி அனுப்பும் கோட்டு சூட்டு ஆட்கள் வேண்டாம், கிளையில் தினம் கவுண்டரில் உட்காரும் ஒரு கிளார்க் போதும். தலைவர்கள் பரிவாரத்தோடு வருவார்கள், பின்னால் நிற்பவர் காதில் பதிலைச் சொல்லிக் கொடுப்பார். ஆகவே டோக்கன் முறை, ஒரு டோக்கனுக்கு ஒரு ஆள். செலவு என்று பார்த்தால் அச்சடித்த ஃபாரம், நாலு மேஜை, ஒரு பட்டன் போன், ஒரு டேப்லெட், ஒரு கடிகாரம். எல்.ஈ.டி. சுவரின் வாடகையில் பாதிகூட வராது.

'பெரியவர்களை இப்படிச் சங்கடப்படுத்தலாமா?' என்று ஒரு சீனியர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் யார் எத்தனை நிமிடம் எடுத்தார் என்று பெயர் போட்டு எழுதக்கூடாது என்கிறேன். சராசரியை மட்டும் போடுங்கள். தவிர, அந்த அக்காவுக்கு மாதாமாதம் இருக்கும் சங்கடத்தை இவர்கள் வருடத்தில் பத்து நிமிடம் தாங்கினால் ஒன்றும் ஆகிவிடாது. (இதை எழுதினால் டிரான்ஸ்பர் வருமே என்று வீட்டில் கேட்கிறார்கள். சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி வந்தாயிற்று, இதற்கு மேல் எங்கே மாற்றுவார்கள்!)

துபாயிலோ சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருக்கும் நீங்களும் இப்படி ஒரு கவுண்டர் முன்னால் முழித்திருப்பீர்கள். வங்கி என்று இல்லை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், விசா ஆபீஸ், எதுவானாலும் சரி. இன்று உங்களில் பலர் அப்படிப்பட்ட நிறுவனங்களில் மேனேஜராகவும் இருக்கிறீர்கள். அடுத்த முறை ஸ்டால் போடும் வேலை உங்கள் தலையில் விழுந்தால், டச் ஸ்க்ரீனுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் கம்பெனியின் மிக மோசமான ஃபாரத்தை எடுத்து மேஜை மேல் வையுங்கள். அதை நிரப்பச் சொல்லி முதல் டோக்கனை யாருக்குக் கொடுப்பீர்கள்?