காட்டை ஆறப்போடுங்கள்

காங்கேயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் போனவர்கள், கிளுவை வேலி போட்ட காடுகளைச் சாலையோரம் நெடுகப் பார்த்திருப்பார்கள். உள்ளே பயிர் இருக்காது. அங்கங்கே வெள்வேல மரங்கள் நிற்கும். தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். தரிசு என்று நினைத்துக் கடந்துபோவார்கள் வெளியூர்க்காரர்கள். கொங்கு நாட்டில் அதற்குக் கொறங்காடு என்று பெயர். ஆடுமாடு மேய்வதற்காகவே விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்தில் ஒதுக்கி வளர்த்த காடு அது. கால்நடை வளர்ப்பால் பூமி சூடாகிறது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் காடுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அந்தப் பேச்சை வீண்பழி என்று தள்ளிவிட முடியாது. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் புல்லைச் செரிக்கச்செய்யும் நுண்ணுயிர்களோடு மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. அந்த வாயு பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறுகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல 80 மடங்கு வெப்பத்தை அது பிடித்துவைக்கும். மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடைத் துறையைச் சேர்ந்தது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் மதிப்பிட்டது. 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எருமையைச் சேர்க்காமலே 19 கோடி மாடுகளுக்கு மேல் இருக்கின்றன. நாட்டு மாடு மேய்ந்துதானே வளர்கிறது, அதனால் கெடுதல் இல்லை என்று சொல்வோர் உண்டு. நாட்டு மாட்டின் மேல் எனக்கும் அன்பு உண்டு. ஆனால் அந்த வாதம் நிற்காது. காய்ந்த தட்டையும் வைக்கோலையும் மட்டுமே தின்று குறைவாகக் கறக்கும் மாட்டிடம், ஒரு லிட்டர் பாலுக்கான மீத்தேன் கணக்கு கூடத்தான் செய்யும்.

ஏப்பத்துக்கு அடுத்த கெடுதல் நிலத்துக்கு நேர்வது. புல் தலைகாட்டும்போதே மறுபடி கடிக்கப்பட்டால் வேர் சிறுத்துப்போகிறது. குளம்பு பட்டுப்பட்டு மண் இறுகுகிறது. பெய்த மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுகிறது. வெறுந்தரையில் சீமைக் கருவேலம் ஏறிக்கொள்கிறது. இதற்கு ஆடுமாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. புல் தழைக்க நாள் விடாமல் ஒரே இடத்தில் மேயவிட்டது மனிதர் செய்த வேலை.

கொறங்காட்டில் அந்த நாள் கிடைக்கிறது. ஒருவருடைய நிலம் கிளுவை வேலியால் பல காடுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு காட்டில் புல் குறைந்ததும் மந்தையை அடுத்த காட்டுக்கு மாற்றிவிட்டுப் படலைச் சாத்திவிடுவார்கள். சாத்திய காடு ஆறப்போட்ட காடு. அங்கே புல் தழைத்துக் கதிர்விட்டு விதை உதிர்க்கும். கொழுக்கட்டைப் புல் வறட்சியில் காய்ந்தாலும் வேர் உயிரோடிருக்கும். மழை விழுந்ததும் துளிர்க்கும். வேலியும் உயிருள்ளது, கம்பியோ கல்தூணோ வேண்டாம். வெள்வேல மரம் வெயிலுக்கு நிழல் தருகிறது, புல் தீர்ந்த கோடையில் காய் தருகிறது. மாடு போடும் சாணம் காடெங்கும் பரவிக் காற்றோட்டத்தில் உலர்ந்து மண்ணோடு சேர்கிறது. நீரோடு கலந்து குழியில் தேங்கும் சாணம்தான் மீத்தேனை மிகுதியாக விடும்.

வேல மரங்களின் காயிலும் தழையிலும் டானின் எனப்படும் துவர்ப்புச் சத்து உண்டு. அளவோடு உள்ளே போனால் இரைப்பையில் மீத்தேன் உண்டாவதை அது மட்டுப்படுத்துகிறது. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம், இத்தகைய தாவரங்களைக் கொண்டே 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியது. மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு வரை அது குறைக்கும் என்று 2021இல் அறிவித்தார்கள். கொறங்காட்டில் மேயும் மாடுகள் எவ்வளவு மீத்தேன் விடுகின்றன, அந்த மண் எவ்வளவு கரிமத்தைச் சேர்க்கிறது என்பதை நம் கால்நடைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அளந்து மக்கள் முன் வைக்க வேண்டும். மண்ணில் சேரும் கரிமம் ஏப்பம் முழுவதையும் ஈடுகட்டிவிடாது. அதனால் மந்தையின் அளவையும் காட்டின் வளத்துக்குத் தக்கபடி வைத்துக்கொள்ள வேண்டும். பத்து மாடு எலும்பும் தோலுமாக நிற்பதைவிட, ஐந்து மாடு வயிறு நிறைந்து, நோயின்றி, காலத்தில் கன்று ஈன்று கறப்பது நிலத்துக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. கோமாரித் தடுப்பூசியும் தாது உப்பும் பச்சைத் தீவனமும்கூடச் சூழலைக் காக்கும் வேலைதான்.

இந்தக் காடுகள் குறைந்துவருவதுதான் வேதனை. மனைப்பிரிவுக்கும் சூரிய மின்பலகைகளுக்கும் விலைபோகும் நிலத்தில் புல்லுக்கு யார் விலை வைப்பது? மேய்க்கால் புறம்போக்குகளின் நிலையும் இதுதான். ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க உச்ச நீதிமன்றம் 2011இலேயே எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழக வனங்கள் அனைத்திலும் மாடு மேய்க்கத் தடை விதித்து, பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று அதைச் சுருக்கியது. காட்டுயிருக்கு இடம் வேண்டும்; அதை மறுக்கவில்லை. வனத்துக்குள் போகாதே என்று சொல்லும் அரசு, வனத்துக்கு வெளியே மேய்ச்சல் தரையைக் காட்ட வேண்டாமா?

மரம் நட்டால் மானியம் தருகிறோம், சொட்டுநீர்க் குழாய் போட்டால் தருகிறோம். கொறங்காட்டை விற்காமல், வேலி காத்து, முறைவைத்து மேய்ப்பவருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கொடுக்கலாம். மேய்க்கால் புறம்போக்கை மீட்டு, ஊர்க்கூட்டத்தில் பேசி, ஒரு பகுதியில் மேய்த்து மறுபகுதியை ஆறப்போடலாம். வெளிநாட்டிலிருந்து தொழில்நுட்பம் வரட்டும் என்று இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முறை நம் ஊரில் இருக்கிறது, அது தெரிந்த விவசாயிகளும் இருக்கிறார்கள். அவர்கள் நிலத்தை விற்றுவிடுவதற்கு முன் அரசு அவர்களிடம் போக வேண்டும்.