மச்சானுக்கு அமெரிக்க விசா கிடைக்குமா? மாப்பிள்ளை கையெழுத்து மட்டும் போதாது!

உத்திரமேரூர்:

"பொண்ணை அமெரிக்கா மாப்பிள்ளைக்குக் குடுத்துட்டா, பின்னாடியே தம்பியையும் கூப்பிட்டுக்குவார்..."

கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போய் வரும் பையனுக்கு, அக்காவின் கல்யாணம் ஒரு கதவாகத் தெரிகிறது. நகை, சீர் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று பெரியவர்கள் துணிந்து கடன் வாங்குவதும் இந்த நம்பிக்கையில்தான்.

அந்தக் கதவு இருப்பது உண்மை. ஆனால் அதன் சாவி மாப்பிள்ளை கையில் இல்லை!

சட்டத்தில் மச்சானே கிடையாது

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவர் தன் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், அப்பா-அம்மா, உடன்பிறந்தவர்கள் ஆகியோருக்கு ஸ்பான்சர் செய்யலாம். அப்பா-அம்மாவுக்கும் உடன்பிறந்தவருக்கும் மனு போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் என்றால் மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைகள், அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலில் மாமனார் இல்லை. மாமியார் இல்லை. மச்சானும் இல்லை, கொழுந்தியாளும் இல்லை. மாப்பிள்ளை கோடி கோடியாகச் சம்பாதிக்கட்டும், சொந்தக் கம்பெனியே வைத்திருக்கட்டும், மனைவியின் தம்பிக்காக அவர் பெயரில் குடும்ப விசா மனு போட முடியாது.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே... வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் போட்டிக்கு வரக்கூடாது என்கிறது அது. யார் யார் உறவு என்றும் வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் மாமனார் உண்டு. மனைவியின் சகோதரனும் உண்டு! ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே இந்த ஊர் மச்சானை உறவாக எழுதி வைத்துவிட்டது. அமெரிக்கச் சட்டம் இன்னும் எழுதவில்லை.

டிரம்புக்கும் இதே சட்டம்தான்

இதற்குப் பெரிய உதாரணம் வெள்ளை மாளிகையிலேயே இருக்கிறது. டிரம்பின் மாமனார் விக்டர் க்னாவ்ஸ், மாமியார் அமலியா இருவரும் ஸ்லோவேனியா நாட்டுக்காரர்கள். 2018 ஆகஸ்ட் 9-ந்தேதி நியூயார்க்கில் அமெரிக்கக் குடிமக்களாகப் பதவிப் பிரமாணம் போல உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஸ்பான்சர் செய்தது மருமகன் அல்ல, மகள் மெலானியா. 2006-ல் குடியுரிமை பெற்றவர் அவர்.

அப்போது நாட்டின் அதிபரே டிரம்ப்தான். 'ஒருத்தர் வந்து ஊரையே கூட்டி வருகிறார்' என்று இதே குடும்ப விசா முறையை மேடைக்கு மேடை திட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான். பெற்றோர், உடன்பிறந்தோர் பிரிவுகளையே எடுத்துவிட வேண்டும் என்ற மசோதாவுக்கு 2017-ல் ஆதரவும் கொடுத்தார். அது நிறைவேறவில்லை. மாமனார் வீட்டுக்கு மட்டும் வேலை முடிந்துவிட்டது!

பொண்ணுதான் மனு போடணும்

ஆக, தம்பி போக வேண்டும் என்றால் அக்கா முதலில் அமெரிக்கக் குடிமகள் ஆக வேண்டும். இங்கேதான் கணக்கு இடிக்கிறது.

மாப்பிள்ளை சிட்டிசன் என்றே வைத்துக்கொள்வோம். கல்யாணம் முடிந்து, மனு போட்டு, பெண் கிரீன் கார்டோடு போய்ச் சேரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். பிறகு கணவரோடு சேர்ந்து வாழ்ந்தபடி 3 வருடம் முடிந்தால்தான் குடியுரிமை. கணவர் சிட்டிசனாக இல்லாவிட்டால் 5 வருடம். அதற்கு அப்புறம்தான் தம்பிக்கு மனு.

அந்த வரிசை எவ்வளவு நீளம்? உடன்பிறந்தோர் பிரிவுக்கு உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 65 ஆயிரம் விசாதான். அண்ணன்-தம்பி, அக்கா-தங்கை மட்டுமல்ல, அவர்களுடைய மனைவி, கணவர், பிள்ளைகளும் இந்த 65 ஆயிரத்துக்குள்தான் அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு வேறு. 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கும் அதே 7, குட்டி நாட்டுக்கும் அதே 7.

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதம்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினைப் பார்த்தால் தலை சுற்றும். 2025 அக்டோபர் மாதப் புல்லட்டினில், இந்தியர்களுக்கான உடன்பிறந்தோர் பிரிவில் 2006 நவம்பர் 1-ந்தேதிக்கு முன் மனு போட்டவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. சுமார் 19 வருடக் காத்திருப்பு!

இன்று 22 வயதில் இருக்கும் தம்பிக்கு, அக்கா கல்யாணத்தில் இருந்து கணக்குப் போட்டால், வரிசை இதே வேகத்தில் நகர்ந்தால்கூட விசா கைக்கு வரும்போது 46, 47 வயது. வேகம் குறைந்தால் இன்னும் தள்ளும். போய் இறங்கி என்ன வேலை தேடுவது?

பிள்ளைகள் கழன்று விடுவார்கள்

இதைவிட வேதனை ஒன்று இருக்கிறது. தம்பிக்கு விசா வந்தால் மனைவியும், 21 வயதுக்கு உட்பட்ட கல்யாணம் ஆகாத பிள்ளைகளும் கூடவே போகலாம். 2006-ல் மனு போட்டபோது 5 வயசாக இருந்த பையனுக்கு 2025-ல் 24. அவன் கழன்றுவிடுவான்.

2002-ல் வந்த ஒரு சட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது. மனுவை ஆராய்ந்து ஒப்புதல் தர அதிகாரிகள் எடுத்துக்கொண்ட காலத்தை மட்டும் பிள்ளையின் வயதில் இருந்து கழித்துக்கொள்ளலாம். வரிசையில் சும்மா நின்ற வருடங்களைக் கழிக்க முடியாது. வயது தாண்டிய பிள்ளைகளுக்கு பழைய மனுவின் தேதியையே கொடுங்கள் என்று கேட்டு நடந்த வழக்கில், 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய பிள்ளைகளுக்குக் கைவிரித்துவிட்டது.

எந்தப் பிள்ளையின் எதிர்காலத்துக்காக அப்பா காத்திருந்தாரோ, அந்தப் பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் விமானம் ஏற வேண்டும். போவதா, வேண்டாமா என்று குடும்பங்கள் குழம்பி நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

குறுக்கு வழி என்று சொல்வது...

"அப்பா, அம்மாவை முதல்ல கூப்பிட்டுக்கலாம். அவங்க மூலமா தம்பி போயிடலாம்" என்று ஒரு யோசனை சொல்வார்கள். இது பொய் இல்லை. குடியுரிமை பெற்ற மகள் பெற்றோருக்கு மனு போட்டால் வருட வரம்பு கிடையாது, சீக்கிரம் முடியும். ஆனால் பெற்றோரின் விசாவில் தம்பி ஒட்டிக்கொண்டு போக முடியாது. அவர்கள் அங்கே போய்க் கிரீன் கார்டு வாங்கி, பிறகு 21 வயது தாண்டிய மகனுக்குத் தனியாக மனு போட வேண்டும். 2025 அக்டோபர் நிலவரப்படி இந்தப் பிரிவில் 2016-ல் போட்ட மனுக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஏறக்குறைய 9 வருடம்.

கொக்கி எங்கே என்றால், அதுவரை பையன் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது! பெற்றோர் கிரீன் கார்டில் இருக்கும்போது மகனுக்குத் தாலி கட்டும் வைபவம் நடந்தால் அன்றோடு மனு தானாகவே ரத்து. பெற்றோரும் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வருடக்கணக்கில் இங்கேயே இருந்தால் கிரீன் கார்டே போய்விடும். அப்படியானால் கழனியை யார் பார்ப்பது, மாட்டை யார் பார்ப்பது?

உரிமை இல்லை, பொறுப்பு உண்டு

மாப்பிள்ளைக்கு இதில் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்பான்சர் செய்பவர் 'வருகிறவர் அரசாங்கத்துக்குப் பாரமாக இருக்க மாட்டார்' என்று வருமானக் கணக்கோடு உறுதிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அமெரிக்க வறுமைக்கோட்டு வருமானத்தைப் போல 125 சதவீதம் வருமானம் காட்ட வேண்டும். பெண் வேலைக்குப் போகாமல் இருந்தால் அந்த வருமானத்துக்கு மாப்பிள்ளைதான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். இந்தப் பொறுப்பு ஒன்றிரண்டு வருடத்தில் முடிகிறது அல்ல. வந்தவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது சுமார் 10 வருட வேலைக் கணக்கு சேரும் வரை நீடிக்கும். நடுவில் விவாகரத்தே ஆனாலும் பத்திரம் செல்லும். மாப்பிள்ளை தயங்கினால் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

பெண் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: மாப்பிள்ளை சிட்டிசனா, கிரீன் கார்டா, எச்-1பி விசாவா? 'அமெரிக்காவில் வேலை' என்று சொல்லப்படும் நம்மூர் இளைஞர்கள் பலர் எச்-1பி-யில் இருப்பவர்கள். அவர்களே தற்காலிக ஆட்கள். வேலை வழிக் கிரீன் கார்டு வரிசையில் 2025 அக்டோபரில் இந்தியர்களுக்கு 2013-ல் விண்ணப்பித்தவர்களின் முறைதான் நடந்தது. மனைவியைச் சார்பு விசாவில் அழைத்துப் போகலாம். மற்ற யாரையும் குடியேற்ற முடியாது.

கனடாவும் மச்சானுக்குப் பெரிதாகக் கதவு திறக்கவில்லை. அங்கேயும் மாமனார்-மாமியாருக்கு மகள்தான் ஸ்பான்சர், மருமகன் துணைக் கையெழுத்து. அந்தப் பெற்றோர் திட்டத்திலும் 2020-ல் பெயர் கொடுத்தவர்களில் இருந்துதான் 2025 வரை அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏஜெண்டு கேட்கும் பணம்

வரிசை நீளமாக இருக்கும் இடத்தில் புரோக்கர் முளைப்பது ரேஷன் கடைக் காலத்தில் இருந்தே நாம் பார்ப்பதுதான். "உங்க மச்சான் அங்க இருக்காரா? ஆறு மாசத்துல முடிச்சுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். பணம் கட்டினால் முந்திப் போகும் வரிசை அல்ல இது. குடும்ப மனுவைப் போட வேண்டியது அமெரிக்காவில் உள்ள அக்கா. 2024 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். இங்கே உள்ள தம்பி ஆரம்பத்தில் எந்த ஏஜெண்டுக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. 'கிரீன் கார்டு லாட்டரி' என்று இன்னொரு கதை சொல்வார்கள். இந்தியாவில் பிறந்தவர்கள் அந்தக் குலுக்கலில் பல வருடங்களாகவே சேர்க்கப்படுவதில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மனு நிலுவையில் இருக்கும்போது டூரிஸ்ட் விசா கேட்டால், 'உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா?' என்ற கேள்வி படிவத்திலேயே வரும். 'ஆமாம்' என்றால், திரும்பி வரமாட்டார் என்ற சந்தேகத்தில் விசா மறுக்கப்படலாம். 'இல்லை' என்று பொய் எழுதச் சொல்லும் ஏஜெண்டை நம்பினால், பிற்பாடு 19 வருடம் காத்திருந்த விசாவும் சேர்ந்து போகலாம். ஆயுள் முழுக்க நுழைய முடியாத தடை வரைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் காஞ்சீபுரம் மாவட்டக் குற்றப்பிரிவு போலீசில் புகார் தரலாம். ரசீது, வங்கி வழி அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். ரொக்கமாக, சொல்லை நம்பிக் கொடுத்த பணத்துக்குத்தான் வழக்கு நிற்பது கஷ்டம்.

இவ்வளவுக்கும் பிறகு மனு போடுவது என்று முடிவு செய்தால், முதலில் தேட வேண்டியது பிறப்புச் சான்றிதழ். அக்கா, தம்பி இருவர் சான்றிதழிலும் பெற்றோர் பெயர் ஒன்றாக இருந்தால்தான் உடன்பிறந்தவர் என்று நிரூபிக்க முடியும். வீட்டில் பிரசவம் பார்த்துப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் கிராமங்களில் ஏராளம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாரே ஒரு தேதி எழுதிவிடுவார். பாதி ஊரே ஜூன் மாதத்தில் பிறந்தது போல இருப்பது அதனால்தான்! அப்படிப்பட்டவர்கள் பதிவு இல்லை என்ற சான்றிதழை உரிய அலுவலகத்தில் வாங்கி, பள்ளிச் சான்றிதழையும் சேர்த்து வைக்க வேண்டும். ஒன்றில் 'முனுசாமி', இன்னொன்றில் 'முனிசாமி', பாஸ்போர்ட்டில் வெறும் 'எம்' என்று அப்பா பெயர் மூன்று விதமாக இருந்தால் அதையும் இப்போதே திருத்திக்கொள்வது நல்லது. அதற்கு மட்டும் நேரம் தாராளமாக இருக்கிறது.