முதல் பட்டதாரி வீட்டின் இரண்டாம் பிள்ளை

பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வை 2007இல் கைவிட்டதும், முதல் பட்டதாரிகளுக்கு 2010இல் கல்விக் கட்டணச் சலுகை தந்ததும் தமிழ்நாடு எடுத்த அருமையான முடிவுகள். ஆனால் அந்தச் சலுகை வீட்டுக்கு ஒருவரோடு நின்றுவிடுகிறது. முதல் பட்டதாரி சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் கொடுக்கும் விண்ணப்பம் தாத்தா, பாட்டி முதல் உடன்பிறந்தவர்கள் வரை எல்லோருடைய படிப்பையும் கேட்கிறது. அண்ணன் கல்லூரியில் சேர்ந்து சலுகை பெற்றுவிட்டால், தங்கைக்குச் சான்றிதழ் கிடையாது. அப்பாவின் கூலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

மூத்தவர் வேலைக்குப் போய் இளையவரைப் படிக்க வைப்பார் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் இரண்டு வயது இடைவெளி உள்ள பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருப்பார்கள்; மூத்தவர் சம்பளம் வாங்கும் முன்பே இளையவருக்குக் கட்டணம் கட்டியாக வேண்டும். கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் குறிப்பது என்று அண்ணன் சொல்லித் தரலாம், உண்மைதான். பணம் தர அவரால் முடியாதே. நிதிச் சுமை கூடும் என்ற கவலையை நான் ஒதுக்கவில்லை. அதற்குக் குடும்ப வருமானத்தை வரம்பாக வைக்கலாம். பிறந்த வரிசையை வைப்பது அநியாயம். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் ஒரே வீட்டில் எத்தனை பேர் கல்லூரியில் படித்தாலும் ஒவ்வொருவருக்கும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதே அளவுகோலைக் கட்டணச் சலுகைக்கும் அடுத்த சேர்க்கைக்கு முன்பே அரசு கொண்டுவர வேண்டும்.