நோய்க்குச் சரியான பெயர் வேண்டும்

பழைய செய்தித்தாள்களைப் புரட்டினால் க்ஷயம், விஷபேதி, வைசூரி, ஜன்னி, மகோதரம் என்று பல வியாதிகளின் பெயர்கள் கண்ணில் படும். இதெல்லாம் என்ன வியாதி என்று பிள்ளைகள் கேட்டால், பெரியவர்களுக்கே பதில் தெரிவதில்லை.

இவற்றில் சில, பெயர் மட்டும் மாறியவை. க்ஷயமும் எலும்புருக்கியும் இன்றைய காசநோய், அதாவது டி.பி. வாந்திபேதி, விஷபேதி என்றால் பெரும்பாலும் காலரா. வைசூரி என்பது பெரியம்மை. நாம் அம்மை என்றதை மராட்டியர் 'தேவி' என்றார்கள். 1975-க்குப் பிறகு அந்த நோய் இந்தியாவில் இல்லை. க்ஷயம் என்ற சொல்லுக்கோ இன்னும் உயிர் இருக்கிறது. மராத்தியில் டி.பி.க்கு இன்றும் 'க்ஷயரோக்' என்றே பெயர்.

வேறு சில, நோயின் பெயரே அல்ல, அறிகுறியின் பெயர். ஜன்னி என்பது கடுங்காய்ச்சலில் நினைவு தடுமாறிப் பிதற்றுவது. மகோதரம் என்பது வயிற்றில் நீர் கோத்து வீங்குவது. ஈரல் கெட்டாலும் அது வரும். இருதயமோ சிறுநீரகமோ பழுதானாலும் வரும். மகோதரத்தில் இறந்த தாத்தா குடிகாரராகத்தான் இருந்திருப்பார் என்று முடிவு கட்டுவது அநியாயம்.

மூன்றாவது வகை, அச்சத்தால் இட்ட பெயர். 1896 செப்டம்பரில், பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் பரவியிருப்பதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டு சொன்னார். 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் குடும்பத்தாரை முகாமுக்கும் கொண்டுபோனார்கள். பயந்துபோன ஜனங்கள் நோயை மறைத்தார்கள். பிளேக் சாவுகள் பல, வேறு காய்ச்சல்களின் கணக்கில் ஏறின. ஆகவே அந்த நாளையப் பட்டியலில் 'காய்ச்சல்' என்று கண்டால், அப்படியே நம்பிவிடக் கூடாது.

இந்தப் பழக்கம் ஒழிந்துவிட்டதா? இல்லை. டி.பி. என்று தெரிந்தால் வேலை போய்விடும், தங்கை கல்யாணம் தடைப்படும் என்று அஞ்சி, 'வெறும் மார்ச்சளி' என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் இருமும் தொழிலாளர்கள் நம்மிடையே உண்டு. ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கும் இடத்தில், ஒருவர் மறைப்பது மற்ற ஒன்பது பேருக்கும் ஆபத்து.

அன்று பிளேக்கைக் குணப்படுத்த மருந்து கிடையாது. மறைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இன்று டி.பி.க்கு மருந்து இருக்கிறது. அரசு மையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். மறைக்க நியாயமில்லை. ஆனால் நோயாளிக்கு மட்டும் உபதேசம் செய்து பயனில்லை. நோயின் பெயரைக் கேட்டதுமே அறையைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரரும், வேலையை விட்டு நிறுத்தும் முதலாளியும்தான் அவரை மறைக்க வைக்கிறார்கள். அவர்கள் திருந்த வேண்டும்.

இன்னொரு விஷயம். ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால், மரண காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்று பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டது. அதைக் கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆபீசில் வேலை பார்க்கும் நம் குமாஸ்தா நண்பர்கள் படித்துச் சொல்ல வேண்டும். ஊருக்குத் தகவல் சொல்லும்போதும் 'காய்ச்சலில் போய்விட்டார்' என்று மழுப்பாமல், உள்ளதைச் சொல்லுங்கள். நாளைக்கு நம் பிள்ளைகளிடம் டாக்டர், 'குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது?' என்று கேட்டால், அவர்கள் விழிக்காமல் பதில் சொல்லட்டும்.