பொதி சென்ற வழி

போதைப்பொருள் வழக்கிலே குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட ஒருவர் மேன்முறையீட்டில் விடுதலை பெற்றார் என்ற செய்தி வரும்போதெல்லாம், "சட்டத்தின் ஓட்டையால் தப்பிவிட்டான்" என்னும் சொல்லே நம்மவர் வாயில் முதலிற் பிறக்கின்றது. அச்சொல்லின் பின்னேயுள்ள துயரை நாம் அறியாமலில்லை. பிள்ளைகளைப் பெற்றோரையும் அவர்களுக்குக் கற்பிப்போரையும் இன்று வாட்டும் பேரச்சங்களுள் போதைப்பொருளும் ஒன்று. எனினும், மேன்முறையீட்டில் ஆராயப்படுவது யாது என்பதை நம் மாணவர் தெளிந்துகொள்ளுதல் நன்று.

நமது நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். தோட்டக்காரர் ஒருவர் பத்துக் குலைகளைச் சந்தைக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்காரர், தரகர், வியாபாரி எனக் குலைகள் கைமாறுகின்றன. மாலையில் வியாபாரி, "உம்முடைய குலையொன்று அழுகல்" என்றால் தோட்டக்காரர் என்ன கேட்பார்? "அது என் குலைதான் என்பதற்கு அடையாளம் என்ன? இடையில் யார் யார் கையில் இருந்தது?" என்றே கேட்பார். அக்கேள்வியை எவரும் ஓட்டை என்பதில்லை. போதைப்பொருள் மேன்முறையீடுகளிற் பலவற்றில் எழுவதும் இக்கேள்வியே.

நமது நாட்டில் 1929 ஆம் ஆண்டின் நச்சுப்பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1984 இல் திருத்தப்பட்டது. அதன்படி 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினை வைத்திருந்தவருக்கு மரண தண்டனையோ ஆயுட்காலச் சிறையோ விதிக்கப்படலாம். 1976 இற்குப் பின் எவரும் இங்கே தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் தீர்ப்பு தீர்ப்பே. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டித் தூள் ஒருவரது வாழ்நாளைத் தீர்மானிக்கின்றது. அத்தூளில் கலப்பு நீங்கிய ஹெரோயின் எவ்வளவு என்பதைச் சொல்பவர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர். ஆகவே, பொலிசார் கைப்பற்றிய பொதிதான் அவரது மேசையை அடைந்தது என்பது ஐயமற நிறுவப்படல் வேண்டும்.

மேல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். 1998 இன் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற 'பெரேரா எதிர் சட்டமா அதிபர்' என்னும் வழக்கில், மேன்முறையீட்டு நீதிமன்றம் இவ்விடயத்தைத் தெளிவாக்கியது. பகுப்பாய்வாளரிடம் பொதி செல்லும் பயணமே மிக முக்கியமானது. அப்பயணத்தில் எவரும் கைவைக்க இடமிருந்ததென்ற ஐயம் எழலாகாது என்பது அதன் சாரம்.

அயல்நாடான இந்தியாவிலும் இத்தகைய வழக்கொன்று நடந்தது. 1997 ஆகஸ்டில் அமிர்தசரஸ் விமான நிலையத்தில், ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த நூர் ஆகா என்பவரின் திராட்சைப் பழப் பெட்டியில் 1 கிலோ 400 கிராம் ஹெரோயின் கண்டெடுக்கப்பட்டதாகச் சுங்கத்தார் கூறினர். அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஆனால், 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. முக்கிய சான்றுப் பொருட்கள் உரியபடி நீதிமன்றின் முன் வைக்கப்படவில்லை. அவற்றைப் பாதுகாத்த முறையிலும் ஐயம் எழுந்தது. குற்றம் எத்துணைக் கொடியதோ அத்துணை உறுதியாகச் சான்றும் இருத்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பு புகட்டும் பாடம்.

இதனால், சிறு பிழையொன்று கண்டவுடன் நீதிமன்றங்கள் சிறைக்கதவைத் திறந்துவிடுகின்றன என்று எண்ணலாகாது. பொதி சென்ற வழி செவ்வையாக நிறுவப்பட்ட வழக்குகளில் மேன்முறையீடுகள் தள்ளுபடியாவதையும் நாம் காண்கிறோம். முத்திரை ஒழுங்காக இடப்பட்டு, நிறை அன்றே குறிக்கப்பட்டு, கைமாறிய ஒவ்வொரு வேளையும் பதியப்பட்டிருப்பின், உண்மைக் குற்றவாளி தப்புவது அரிது.

எனவே, விடுதலைச் செய்தி கேட்டு வெகுள்வோர் நீதிபதியை நோவதை விடுத்து, பொதியைக் காக்க வேண்டியவர் ஏன் காக்கவில்லை என்று வினவுதலே முறை. ஐயத்துக்கிடமான பொதியைக் கொண்டு இன்று எவனோ ஒருவனைத் தண்டிக்க நாம் இசைவோமாயின், நாளை நம் பிள்ளையின் புத்தகப் பையில் எவரேனும் ஒரு பொதியை இட்டுவிட்டால், அவனுக்காகக் கேட்பதற்கு நம்மிடம் கேள்வியொன்றும் எஞ்சியிராது.