ஊட்டி இ-பாஸ் கிடைக்கலையா? பழவேற்காடு கிளம்பும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

லீவு விட்டா ஊட்டி, கொடைக்கானல்தான். ஆனால், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அங்கே செல்ல இ-பாஸ் வேண்டும். 2025 கோடை சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் தினமும் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்பதே கேள்வி.

பழவேற்காட்டுக்கும் அதே கேள்விதான். சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரம். சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக் கல்லறைகளைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் போனால் பூநாரைகளும் வரும்.

படகு சவாரி?

வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அதன்பிறகு சுற்றுலாப் படகுகளுக்கு மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. ‘சும்மா ஒரு ரவுண்டு’ன்னு யார் கூப்பிட்டாலும் ஏறாதீங்க.

ஏரி யாருடையது?

இறாலும் மீனும்தான் இங்குள்ள குடும்பங்களின் வருமானம். இன்று யார், எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதை ‘பாடு’ முறையில் மீனவர்களே பங்கிட்டுக்கொள்கிறார்கள். மலையில் கோர்ட் இப்போது போட்ட கணக்கை, இந்த ஏரியில் அவங்க பல தலைமுறையா போட்டு வர்றாங்க. போறவங்க குப்பையைத் திருப்பி எடுத்துட்டு வந்தாலே அந்தக் கணக்கு தப்பாது.