தங்கக் குண்டும் எண்ணெய் டின்னும்

ஊஞ்சலில் ஆடும்போது தலை சுற்றினால் காலைத் தரையில் ஊன்றி நிறுத்திக் கொள்கிறோம். ஆனால் உட்கார்ந்து வேலை செய்யும் ஆபீஸே ஊஞ்சலாக ஆடினால் காலை எங்கே ஊன்றுவது?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை, சகோதரிகளே. தைவான் தீவில், தைபே நகரத்தில், 'தைபே 101' என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 101 மாடிகள், 508 மீட்டர் உயரம். 2004-ம் ஆண்டு முதல் 2010 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் என்ற பட்டம் அதனிடம்தான் இருந்தது. அதில் பெரும்பாலானவை ஆபீஸ்கள். ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் காலையில் லிப்டில் ஏறிப் போய், மேகத்தோடு மேகமாக உட்கார்ந்து கணக்கு எழுதிவிட்டு, மாலையில் இறங்கி வீட்டுக்கு வருகிறார்கள்.

இப்படிப்பட்ட கட்டடத்தை எந்த ஊரில் கட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை. கடக ரேகை குறுக்கே ஓடும் தீவு அது. கோடை வந்தால் கடலிலிருந்து புயல் வரும். பூமிக்கு அடியிலோ இரண்டு பெரும் பாறைத் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக் கொண்டே இருப்பதால், எந்த மாதத்திலும் பூகம்பம் வரலாம். மேலே ஒரு மாமியார், கீழே ஒரு மாமியார் என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

இரண்டு மாமியாருக்கும் விருப்பம் ஒன்றாக இருந்தாலாவது சமாளித்துவிடலாம். அதுவும் இல்லை. புயலுக்கு ஈடு கொடுக்கக் கட்டடம் விறைப்பாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மேல் மாடிக்காரர்களுக்குக் கப்பலில் போவது போல் குமட்டும். பூகம்பத்துக்கு ஈடு கொடுக்கவோ வளைந்து கொடுக்க வேண்டும். விறைத்து நின்றால் முறிந்து போகும். விறைப்பும் வேண்டும், வளைவும் வேண்டும். எஞ்சினீயர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா?

முதலில் காலை ஊன்றிக் கொண்டார்கள். தைபே நகரத்தின் மேல் மண் மெத்தென்ற களிமண். கோபுரத்துக்கு அடியில் மட்டும் 380 கான்கிரீட் தூண்களை அந்தக் களிமண்ணைத் துளைத்துக் கீழே உள்ள பாறைக்குள் இறக்கினார்கள். மேலே, பக்கத்துக்கு இரண்டாக எட்டு ராட்சதத் தூண்கள். எஃகுப் பெட்டிகளாகச் செய்து, பாதி உயரத்துக்கும் மேலே வரை உள்ளே கான்கிரீட் நிரப்பியிருக்கிறார்கள். கட்டடத்தின் தோற்றம் கணுக்கணுவாக வளர்ந்த மூங்கிலைப் போல இருக்கும். நான்கு மூலைகளையும் கூராக விடாமல் படிப்படியாக உள்ளே வெட்டிவிட்டதால், காற்றின் மோதலும் வெகுவாகத் தணிந்துவிட்டது.

அப்புறம்தான் அந்த அதிசயக் குண்டு. 92-வது மாடியிலிருந்து 87-வது மாடி வரை தடித்த எஃகு வடங்களில் ஒரு தங்க நிற உருண்டை தொங்குகிறது. குறுக்களவு ஐந்தரை மீட்டர். எடை 660 டன்; அதாவது நூறு யானைகளுக்கு மேல்! முழுதாக மேலே தூக்க முடியாதென்று 41 எஃகுத் தட்டுகளாகக் கொண்டு போய், அங்கேயே அடுக்கிப் பற்றவைத்தார்கள்.

இது என்ன செய்கிறது? வேகமாக ஆடும் குழந்தையின் ஊஞ்சலை நிறுத்தத் தாய் என்ன செய்கிறாள்? ஒரேயடியாகப் பிடித்தால் குழந்தை விழுந்துவிடும். ஊஞ்சலின் தாளம் அறிந்து, அது வரும்போதெல்லாம் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுக்கிறாள். குண்டும் அப்படித்தான். கட்டடம் ஒருமுறை ஆடிவர ஏறக்குறைய ஏழு விநாடி ஆகும். குண்டின் தாளத்தையும் அதே அளவுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். கட்டடம் வலப்புறம் சாய்ந்தால் குண்டு பின்தங்கி இடப்புறம் இழுக்கும். குண்டுக்கு அடியில் எண்ணெய் நிரம்பிய குழாய்கள் உண்டு. ஆபீஸ் கதவு படாரென்று அடித்துக் கொள்ளாமல் மெல்ல மூடுவதற்கு வைத்திருப்பார்களே, அந்தச் சங்கதிதான். ஆட்டத்தின் வேகத்தை அந்த எண்ணெய் விழுங்கிவிடும். 2015 ஆகஸ்டில் சௌடெலோர் என்ற புயல் அடித்தபோது அந்த 660 டன்னும் ஒரு மீட்டர் தூரம் நகர்ந்து ஆடியது. இந்தக் குண்டுக்குக் கண், மூக்கு வைத்து ஒரு பாப்பா பொம்மையாக்கிக் கடையில் விற்கிறார்கள். மேலே போகிறவர்கள் குண்டின் முன்னால் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள்.

ஆனால் சகோதரிகளே, அந்தக் கட்டடத்தில் உயிரைக் காப்பது அந்தக் குண்டு அல்ல! அது முக்கியமாகக் காற்றுக்காக, தலைசுற்றல் வராமல் இருப்பதற்காக வைத்தது. பெரும் பூகம்பத்தில் காப்பது யார் கண்ணிலும் படாத ஒரு சின்ன ஏற்பாடு. எஃகு விட்டங்கள் தூணோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், வேண்டுமென்றே அவற்றின் ஓரத்தைக் குறைத்து இடுப்புப் போல் மெலியச் செய்திருக்கிறார்கள். வீட்டில் மின்சாரம் மிஞ்சினால் ப்யூஸ் கம்பி போய் விளக்குகளைக் காப்பாற்றுகிறது அல்லவா? அதுபோல, பூமி தாறுமாறாகக் குலுங்கினால் அந்த இடுப்பு வளைந்து கொடுக்கும். இணைப்பு முறியாது. தூண் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் படியிறங்கி வரலாம்.

இதற்குச் சோதனை கட்டி முடிப்பதற்கு முன்பே வந்துவிட்டது. 2002 மார்ச் 31-ம் தேதி, பாதி எழுந்திருந்தபோது பெரிய பூகம்பம். உச்சியிலிருந்த பாரந்தூக்கிகள் இரண்டு கீழே விழுந்து ஐந்து பேர் மாண்டார்கள். கட்டடத்தின் எலும்புக்கூடு மட்டும் அசையவில்லை. அந்த ஐந்து பேரை நினைக்காமல் அந்தக் கோபுரத்தைப் புகழக் கூடாது.

அதே தீவில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016 பிப்ரவரி 6. தெற்கே தைனான் நகரம். சீனப் புத்தாண்டுக்கு இரண்டே நாள். விடிவதற்கு முன், வீடெல்லாம் உறவினர் கூடித் தூங்கும் நேரம். பூமி குலுங்கியது. ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு அப்படியே சாய்ந்து 115 பேர் இறந்தார்கள். அந்தப் பூகம்பத்தில் ஊர் முழுவதிலும் இறந்தவர்களே 117 பேர்தான் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! இடிபாட்டில், கான்கிரீட்டுக்கு உள்ளே டின்கள் தெரிந்தன. அலங்காரப் பகுதிகளில் டின்னை வைத்து நிரப்புவது அந்த நாளில் வழக்கம்தான், அதனால் மட்டும் கட்டடம் விழவில்லை என்றார்கள் விஷயம் தெரிந்தவர்கள். விசாரணையில் அதைவிடப் பெரிய குறைகள் வெளிவந்தன. கட்டியவருக்கும் துணை நின்றவர்களுக்கும் ஐந்தாண்டுச் சிறை கிடைத்தது. போனவர்கள் திரும்பி வரவில்லை.

1999 செப்டம்பர் 21-ல் வந்த பூகம்பம் தைவானில் 2,400 பேருக்கு மேல் பலி கொண்டது. அதன் பிறகு கட்டட விதிகளை இறுக்கினார்கள், பள்ளிக்கூடங்களைப் பலப்படுத்தினார்கள். 2024 ஏப்ரல் 3-ம் தேதி காலை, 25 வருஷத்தில் வராத பெரும் பூகம்பம் வந்தது. இறந்தவர்கள் சுமார் இருபது பேர். அவர்களிலும் பலர் மலைப்பாதைகளில் பாறை உருண்டு இறந்தவர்கள். தைபே 101 சற்றே ஆடிவிட்டு நிமிர்ந்து நின்றது.

நாம் வீடு பார்க்கப் போனால் தரையின் வழவழப்பைத் தடவிப் பார்க்கிறோம். சமையலறை மேடையின் நிறத்தைக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். கூடவே, சுவர் பூசுவதற்கு முன் ஒருநாள் போய், "தூணுக்குள் எத்தனை கம்பி? விட்டத்தோடு எப்படிச் சேர்த்தீர்கள்?" என்றும் கேளுங்கள். மேஸ்திரி சிரிப்பார். சிரித்தால் சிரிக்கட்டும். பூச்சு பூசிய பிறகு சுவர் பதில் சொல்லாது.